ஏழரை பஸ்ஸுக்கு முன்னால்

ஏழரைக்குக் கொழும்பு பஸ்.
வயிறு நிரம்பவும் வேண்டும்,
வயிறு என்றொன்று இருப்பதை
விடியும் வரை மறக்கவும் வேண்டும்.

போன ஆவணியில் மறக்க முடியவில்லை.
புளியங்குளம் தாண்டிய இருட்டில்
நடத்துநரின் காதுக்குள் சொன்னேன்.
அவர் திரும்பி முழு பஸ்ஸுக்கும் சொன்னார்.
ஆண்களுக்கு அந்த வீதி நெடுக மரம்.
எனக்கு, மேர்சி அக்கா விரித்துப் பிடித்த
ஒரு நீலத் துவாய்.

அன்றிலிருந்து சாப்பாட்டுக் கடைக்குள்
சாட்சி சொல்லப் போகிறவளைப் போல நுழைகிறேன்.
முதலில் கை கழுவுகிற இடம்.
சவர்க்காரம் இருக்கிறதா, இல்லை
தண்ணீர் விட்டு விட்டு
அதன் ஞாபகம் மட்டும் போத்தலில் மிச்சமா.
பிறகு மேசை துடைக்கிற துணி.
அதே துணி கோப்பைக்கும் போனால்
அப்படியே திரும்பி நடந்துவிடுவேன்.
கண்ணாடிப் பெட்டிக்குள், மஞ்சள் பல்பின் கீழ்,
ரோல்ஸ்கள் வெதுவெதுப்பாய்க் குந்தியிருக்கின்றன.
எனக்கு வெதுவெதுப்பில் நம்பிக்கையில்லை.
ஒன்றில் சுட வேண்டும், ஒன்றில் விறைக்க வேண்டும்,
நடுவில் கிடப்பதெல்லாம்
கிருமிகளின் கலியாண வீடு.

"அக்கா, என்ன எடுக்கிறியள்?"
நாலு தம்ளருக்குள் நாலு விரலை விட்டு
தண்ணீர் கொண்டு வருகிறான் பெடியன்.
"முட்டைக் கொத்து. புதுசாய்க் கல்லிலை போடச் சொல்லும்.
முட்டை நல்லா வேகட்டும்.
சம்பல் வேண்டாம். ஐஸ் வேண்டாம்.
தண்ணி என்னட்டை இருக்கு."
இவ்வளவு வேண்டாம் சொல்கிறவள்
ஏன் வந்தாள் என்று அவன் முகம் கேட்கிறது.
அவனுக்கு இரக்கமும் இருந்திருக்கும்:
லஞ்ச் சீற்றைப் புதிதாய்ப் பிரித்து
என் கண்முன்னாலேயே கோப்பையில் விரித்தான்.

மேர்சி அக்காவுக்கு எல்லாம் வேண்டும்.
காலையில் இடித்த சம்பல், வெட்டி வைத்த வெள்ளரி,
சர்பத், அதில் மிதக்கிற ஐஸ்.
நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டுத் தொடங்குகிறா.
"கடவுள் தந்த குடலடி, ஒண்டும் செய்யாது."
எனக்கு அவர் தந்தது
கணக்குப் பார்க்கிற குடல்.

தகடு இரண்டும் கல்லில் சண்டை பிடித்து ஓய்ந்தன.
ஆவி பறக்கப் பறக்கத் தின்றேன்.
நாக்குச் சுட்டது. சுடட்டும்.
கடைசியில் நானே உரித்த ஒரு கதலி,
இஞ்சி போட்ட பிளேன்ரீ,
பைக்குள் இரண்டு பக்கற் ஜீவனி, எதற்கும் இருக்கட்டும்.

பஸ்ஸில் ஏறும்போது
சாரதி தன் இருக்கையிலேயே பார்சல் பிரித்து
மீன் குழம்பும் சோறும் குழைத்துக்கொண்டிருந்தார்.
வீட்டுச் சாப்பாடு!
பொறாமையாக இருந்தது.

மாங்குளம் தாண்டி, காட்டு நடுவில்,
பஸ் தானாக ஓரம் கட்டியது.
கதவு திறந்தது. சாரதி இருட்டுக்குள் ஓடினார்.
முப்பத்தெட்டுப் பேரும் பேசாமல் இருந்தோம்.
எங்கள் எல்லோரின் உயிரும்
அந்த மனிதரின் வயிற்றில்.
பிறகு வந்தார். பிறகும் ஓடினார்.

"என்ன சாப்பிட்டவர்?"
நடத்துநர் முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினார்:
"கடையிலை வாயே வைக்கமாட்டார் அக்கா.
மனுசி பத்து மணிக்குக் கட்டிக் குடுத்த பார்சல்.
எஞ்சின் பெட்டிக்கு மேலைதான் இருந்தது, பின்னேரம் மட்டும்."

பத்திலிருந்து ஏழு வரை
என்று விரல் தானாக எண்ணியது.
பிறகு வெட்கமாக இருந்தது எண்ணியதற்கு.
அந்த மனுசி மீனை எவ்வளவு கவனமாய்
முள்ளெடுத்துக் கட்டியிருப்பாள்.

ஒரு லீற்றர் போத்தலை இதற்காகவா மிச்சம் பிடித்தேன்?
ஜீவனியை முழுதாய்க் கொட்டிக் குலுக்கி
முன்னுக்குக் கொடுத்தேன்.
இருக்கை இருக்கையாய், கை மாறி மாறிப் போனது.
பக்கத்தில் மேர்சி அக்கா
சம்பலும் சர்பத்துமாய்க் குறட்டை விடுகிறா.
அவவின் மடியிலிருந்த நீலத் துவாயை
மெல்ல உருவி, அதையும் அனுப்பினேன்.

அரை மணித்தியாலம் போனது.
சாரதி முகம் துடைத்து, துவாயைத் தோளில் போட்டு,
கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.
"போவமே?" என்றார்,
எங்களிடமா வயிற்றிடமா தெரியவில்லை.